23 ஜிபி போதும் என்றால் 154 ஜிபி எதற்கு? ஹெல்டைவர்ஸ் 2 கணினிப் பதிப்பின் இடக்கணக்கு

ஹெல்டைவர்ஸ் 2 எப்படிப்பட்ட கேம் என்று ஆளாளுக்கு எழுதியாயிற்று. நான்கு பேர் வானத்திலிருந்து குதித்து, பூச்சிக்கூட்டத்தையும் ரோபோக்களையும் சுட்டுத் தள்ளி, பாதி நேரம் கூட்டாளியின் குண்டிலேயே செத்துப்போகும் கூத்து அது. அதில் குறை சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. இந்த விமர்சனம் கேமைப் பற்றியதல்ல, கேம் வந்து இறங்கும் மூட்டையைப் பற்றியது. கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கினால் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, அந்த இடத்துக்கு ஈடாக நமக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

சுவீடனின் ஏரோஹெட் கேம் ஸ்டூடியோஸ் 2024 பிப்ரவரி 8 அன்று இதை சோனியின் பிஎஸ்5 கன்சோலுக்கும் கணினிக்கும் ஒரே நாளில் வெளியிட்டது. 2025 ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. கன்சோல்களில் சுமார் 35 ஜிபியில் அடங்கிய இந்தக் கேம், கணினியில் அப்டேட்டுக்கு மேல் அப்டேட்டாக ஊதிப்போய் 154 ஜிபியைத் தொட்டது. அதே துப்பாக்கி, அதே பூச்சி, அதே கிரகங்கள். அப்புறம் 2025 டிசம்பரில், கணினிக்கு கேம்களை மாற்றிக் கொடுப்பதில் பெயர் வாங்கிய நெதர்லாந்து நிறுவனமான நிக்ஸஸ் கைகொடுக்க, ஒரு ஸ்லிம் பதிப்பு வந்தது. அளவு 23 ஜிபி. 131 ஜிபி, அதாவது நூற்றுக்கு 85 பங்கு காணாமல் போனது. படத்தின் தரம் குறையவில்லை, ஒலி குறையவில்லை, ஒரு ஆயுதம்கூடப் போகவில்லை.

"இப்போதைய கேம்கள் ஏன் இவ்வளவு இடம் பிடிக்கின்றன?" என்று கேட்டால் "கிராபிக்ஸ் அவ்வளவு நன்றாக இருக்கிறது, அதனால்தான்" என்பது வழக்கமான பதில். அதில் உண்மை இருக்கிறது, பின்னால் பார்ப்போம். ஆனால் இந்தக் கேமில் போன 131 ஜிபியும் கிராபிக்ஸ் இல்லை. எல்லாம் நகல். ஒரே கோப்பு மீண்டும் மீண்டும் வெவ்வேறு இடங்களில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதுவும் தவறுதலாக அல்ல, வேண்டுமென்றே.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று புரிய, பழைய ஹார்ட் டிஸ்க் எப்படிப் படிக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் டிஸ்க் என்றால் நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். அதற்கு முன் அந்த முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னொரு 8, 9 மில்லிநொடி. ஆக, டிஸ்க்கில் வேறு ஒரு மூலைக்குப் போய் எதையாவது எடுக்க ஒவ்வொரு தடவையும் 12, 13 மில்லிநொடி. நொடிக்கு 80 தடவைக்கு மேல் தாவ முடியாது.

ஒரு மிஷன் லோட் ஆக 5,000 சின்னச் சின்னத் துண்டுகள் வேண்டும், எல்லாம் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 80-ஆல் வகுத்தால் 62 நொடி. இது தேடி அலையும் நேரம் மட்டும், படிக்கும் நேரம் தனி. அதே துண்டுகள் எல்லாம் ஒரே வரிசையில் 1.5 ஜிபியாக அடுக்கப்பட்டிருந்தால், நொடிக்கு 150 எம்பி என்ற சாதாரண வேகத்திலேயே 10 நொடியில் மொத்தமும் நினைவகத்துக்கு வந்துவிடும். டிஸ்க் அதேதான், தகவலும் அதேதான். அடுக்கும் முறை ஒன்றுதான் மாறியது.

அதனால் கேம் செய்பவர்கள் ஒரு வேலை செய்தார்கள். சமையலறையில் பெருங்காயத்துக்கு ஒரு டப்பா, புளிக்கு ஒரு டப்பா என்று வைக்காமல், சாம்பாருக்கு ஒரு பை, ரசத்துக்கு ஒரு பை, வத்தக்குழம்புக்கு ஒரு பை என்று கட்டி வைப்பது மாதிரி. சாம்பார் வைக்க அந்தப் பையை மட்டும் எடுத்தால் போதும், டப்பா டப்பாவாகத் தேட வேண்டாம். ஆனால் புளி மூன்று பையிலும் இருக்கும். பை நாற்பது ஆனால் புளியும் நாற்பது தடவை. கேமில் பை என்பது ஒரு தொகுப்பு, புளி என்பது எல்லா நிலப்பரப்பிலும் வரும் ஒரு பாறை. அந்தப் பாறையின் மேற்பரப்புப் படம் 21 எம்பி என்றால் 40 தொகுப்புகளில் அது 840 எம்பி. ஒரே ஒரு பாறைக்கு.

இது ஏரோஹெட் கண்டுபிடித்த வித்தையல்ல. பிஎஸ்5-இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் அந்தக் கன்சோலைப் பற்றிப் பேசியபோது, பிஎஸ்4-இல் வந்த ஸ்பைடர்மேன் கேமில் சில தகவல்கள் ஹார்ட் டிஸ்க்கில் 400 தடவை நகலெடுத்து வைக்கப்பட்டிருந்ததைச் சொல்லிக் காட்டினார். நியூயார்க் தெருக்களில் ஸ்பைடர்மேன் பறந்து போகும் வேகத்துக்கு ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுக்க வேறு வழி கிடையாது. சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்ததும் அந்தத் தேவை ஒழிந்தது. எஸ்எஸ்டியில் நகரும் முனையும் இல்லை, சுற்றும் தட்டும் இல்லை. ஒரு துண்டை எங்கிருந்து எடுத்தாலும் மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். மேலே சொன்ன 5,000 துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாலும் அரை நொடிதான்.

அப்புறம் ஏன் கன்சோலில் 35, கணினியில் 154? பிஎஸ்5 வாங்கிய எல்லோரிடமும் எஸ்எஸ்டி இருக்கிறது. கேம் எழுதுபவருக்கு அது உறுதியாகத் தெரியும். கணினியில் ஆளுக்கொரு டிஸ்க். விண்டோஸை எஸ்எஸ்டியில் போட்டுவிட்டு, கேமை மட்டும் பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நகல்கள். எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்கு அந்த நகல்களால் ஒரு பைசா பிரயோஜனமில்லை, ஆனால் இடத்தைக் கொடுப்பது அவரும்தான். சொல்லப்போனால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஜிபியை விட எஸ்எஸ்டியில் ஒரு ஜிபி விலை கூடுதல். அதிக விலை கொடுத்தவர்தான் அதிகமாக வீணாக்கினார்.

இந்தப் பதிப்பின் மேல் நமக்குள்ள முதல் புகார் இங்கேதான் வருகிறது. நகலை எடுத்தால் ஹார்ட் டிஸ்க்காரர்களுக்கு லோடிங் எவ்வளவு தாமதமாகும் என்று ஏரோஹெட் முதலில் தங்கள் கேமில் அளந்து பார்க்கவில்லை. மற்ற கேம்களிலிருந்து கிடைத்த பொதுத் தகவலை எடுத்துக்கொண்டார்கள். அதில் மிக மோசமான நிலையில் 5 மடங்கு தாமதம் என்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதை இன்னொரு முறை இரட்டித்து, 10 மடங்கு ஆகிவிடும் என்று பயந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அளந்து பார்த்தபோது, மோசமான நிலையிலும் சில நொடிகள்தான் கூடின. ஹார்ட் டிஸ்க்கில் விளையாடுபவர்களும் 11 சதவீதம்தான் என்று அவர்களுடைய கணக்கே சொன்னது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. இவ்வளவையும் மறைக்காமல் அவர்களே வெளியில் சொன்னதற்கு ஒரு பாராட்டு உண்டு, இத்தனை வெளிப்படையாக எழுதும் ஸ்டூடியோக்கள் குறைவு.

ஏன் சில நொடிதான் கூடியது? விடை கேமின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹெல்டைவர்ஸ் 2-இல் மிஷன் நடக்கும் நிலம் முன்கூட்டியே வரைந்து டிஸ்க்கில் வைக்கப்பட்டதல்ல. மிஷன் லோட் ஆகும்போது மலை, பள்ளம், எதிரி முகாம் எல்லாவற்றையும் கேம் அப்போதே கணக்குப் போட்டு உருவாக்குகிறது. அந்த வேலை பிராசசருடையது. டிஸ்க்கிலிருந்து படிப்பதும் அதே நேரத்தில் பக்கத்திலேயே நடக்கிறது. நிலத்தை உருவாக்க எடுக்கும் நேரம்தான் நீளமானது, டிஸ்க் எப்படியும் அதற்குள் முடித்துவிடுகிறது, அல்லது கொஞ்சம் பிந்துகிறது. எனவே இந்தக் கேமில் லோடிங் வேகமாக வேண்டுமென்றால் இன்னும் வேகமான எஸ்எஸ்டி வாங்கிப் பயனில்லை, பிராசசரைத்தான் பார்க்க வேண்டும். 23 ஜிபியில் இத்தனை கிரகங்கள் அடங்குவதற்கும் இதுவே காரணம். நிலம் சேமிக்கப்படவில்லை, நிலம் செய்யும் விதிதான் சேமிக்கப்பட்டிருக்கிறது.

சரி, நகல் போக மிச்சமிருக்கும் 23 ஜிபி எங்கே போகிறது? இங்கேதான் "கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது" என்ற பதில் பொருந்தும். இந்தக் கேமுக்கு மட்டுமல்ல, எல்லாக் கேமுக்கும் பொருந்தும் கணக்கு இது. ஒரு பொருளின் மேல் ஒட்டப்படும் படத்துக்கு டெக்ஸ்ச்சர் என்று பெயர். 4096-க்கு 4096 புள்ளிகள் உள்ள ஒரு டெக்ஸ்ச்சரில் 1 கோடியே 67 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் 64 எம்பி. இதை ஜேபெக் போல இறுக்கிச் சுருக்க முடியாது. கிராபிக்ஸ் கார்டு படத்தின் எந்த மூலையிலிருந்தும் எந்தப் புள்ளியையும் உடனே எடுக்க வேண்டும், முழுப் படத்தையும் விரித்துக்கொண்டிருக்க அதற்கு நேரமில்லை. அதனால் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே அளவு பைட் வருமாறு சுருக்குகிறார்கள். பிசி7 (BC7) என்ற முறையில் புள்ளிக்கு 1 பைட், ஆக 16 எம்பி. தூரத்திலிருந்து பார்க்கும்போது பயன்படுத்த அதே படத்தின் பாதி அளவு, கால் அளவு, அரைக்கால் அளவு பிரதிகளும் கூடவே வேண்டும். அவை சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைக் கூட்டும், 21.3 எம்பி. மேலே பாறைக்குச் சொன்ன 21 எம்பி இதுதான்.

பாறைக்கு ஒரு படம் போதாது. நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, எந்த இடம் பளபளப்பு எந்த இடம் சொரசொரப்பு என்று சொல்ல ஒன்று. மூன்றும் சேர்ந்து 64 எம்பி. இப்படி நூறு பொருள் வைத்தால் 6.4 ஜிபி. இங்கே கவனிக்க வேண்டியது, டெக்ஸ்ச்சரின் பக்க அளவை இரட்டித்தால் இடம் நான்கு மடங்காகும் என்பது. 2048-இல் 5.3 எம்பியாக இருந்தது 4096-இல் 21.3 ஆகிறது. "4கே டெக்ஸ்ச்சர்" என்ற சொல்லை 4கே டிவியோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 1080 திரையில் விளையாடினாலும் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றால் கதவு மங்கலாகத் தெரியக்கூடாது, அதற்குத்தான் பெரிய டெக்ஸ்ச்சர். செட்டிங்ஸில் டெக்ஸ்ச்சர் தரத்தைக் குறைத்தால் டிஸ்க்கில் இடம் குறையும் என்பதும் தவறான நம்பிக்கை. குறைவது கிராபிக்ஸ் கார்டின் நினைவகச் செலவு மட்டும். கோப்பு அங்கேயேதான் இருக்கும்.

ஒலி அடுத்தது. சுருக்காத ஸ்டீரியோ ஒலி, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் மணிக்கு 690 எம்பி. நன்றாகச் சுருக்கினால் 60 எம்பிக்குள் வந்துவிடும். இருந்தும் சுருக்காமல் விட்ட கேம்கள் உண்டு. 2014-இல் வந்த டைட்டன்ஃபால் கணினியில் 48 ஜிபி, அதில் 35 ஜிபி சுருக்காத ஒலி. இரண்டு கோர் மட்டுமுள்ள பழைய பிராசசர்கள் ஒலியை விரிப்பதிலேயே மூச்சு வாங்கிவிடும் என்று அதைச் செய்தவர்கள் காரணம் சொன்னார்கள். மறுபடியும் அதே கதைதான்: பலவீனமான கணினிக்காரருக்காக எல்லோரும் இடம் கொடுப்பது. வசனம் அதிகமுள்ள கேமில் ஒவ்வொரு மொழிக்கும் தனிக் குரல்பதிவு வேறு. ஸ்டீமில் கேமின் மொழியை மாற்றினால் சில கேம்களில் பல ஜிபி கூடும், குறையும். சில கேம்கள் எல்லா மொழியையும் ஒரே மூட்டையாகத் தலையில் கட்டுகின்றன.

இதையெல்லாம் சொல்வது, 150 ஜிபி என்றாலே மோசடி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. பால்டர்ஸ் கேட் 3 கேட்பதும் 150 ஜிபிதான், எஸ்எஸ்டியிலேயே போடச் சொல்கிறது. ஆனால் அது நூறு மணி நேரம் ஓடும் கேம், எதிர்ப்படும் பாத்திரங்கள் ஏறக்குறைய எல்லாமே குரலோடு பேசும், கையால் செய்த ஊர்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-உம் 150 கேட்கிறது, அந்த நிலத்தைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஹெல்டைவர்ஸ் 2-இன் 154-ஐ இவற்றோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. கால் ஆஃப் டியூட்டி வேறொரு ரகம். கதை, மல்டிபிளேயர், வார்ஸோன், உயர்தர டெக்ஸ்ச்சர் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி 2020 வாக்கில் 200 ஜிபியைத் தாண்டியது. ஆனால் அதில் வேண்டாத பகுதியை நீக்கும் வசதி கொடுத்தார்கள். கதையை முடித்தவர் கதையை மட்டும் அழிக்கலாம். ஃபோர்ட்நைட் அதே 2020 அக்டோபரில் ஒரே அப்டேட்டில் கணினியில் 60 ஜிபிக்கும் மேல் இளைத்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு ஹெல்டைவர்ஸ் முதல் சாட்சி அல்ல.

இப்போது ஸ்லிம் பதிப்புக்கு மாறுவது எப்படி என்று பார்ப்போம். முதலில் உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீம் லைப்ரரியில் கேமின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ். அளவு 20-களிலோ 30-களிலோ இருந்தால் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய வேண்டாம். 150-ஐ ஒட்டி இருந்தால் அதே பிராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் என்ற பகுதிக்குப் போங்கள். 2025 டிசம்பரில் ஸ்லிம் அங்கேதான் தனித் தெரிவாக, புராட்_ஸ்லிம் (prod_slim) என்ற பெயரில் வந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் ஸ்டீம் டவுன்லோடைத் தொடங்கும். பெயர் பீட்டா என்று இருப்பதால் பயப்பட வேண்டாம், சோதனைச் சரக்கு அல்ல. பழைய பதிப்பில் இருக்கும் நண்பர்களோடு சேர்ந்தே விளையாடலாம்.

ஒரு இடத்தில் பலர் மாட்டிக்கொள்வார்கள். இடம் மிச்சமாக்கத்தானே மாறுகிறோம், அதனால் காலி இடம் தேவையில்லை என்று நினைப்பது. அப்படியல்ல. ஸ்டீம் புதிய கோப்புகளை முதலில் ஸ்டீம்ஆப்ஸுக்குள் இருக்கும் டவுன்லோடிங் ஃபோல்டரில் இறக்கி, சேர்த்துக் கட்டி, எல்லாம் சரியாக வந்தபின்தான் பழையதை அழிக்கும். அதுவரை இரண்டும் டிஸ்க்கில் இருக்கும். எனவே குறைந்தது 30 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு மாறுங்கள். அவ்வளவு இல்லையென்றால் கேமையே அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, பீட்டாஸில் தெரிவை மாற்றி, புதிதாக இன்ஸ்டால் செய்வது நல்லது. நீங்கள் சேர்த்த மெடல், ஆயுதம், நிலை எல்லாம் சர்வரில் இருக்கின்றன, அழியாது. கீ அமைப்புகள் கேம் ஃபோல்டரில் இல்லை, விண்டோஸின் ஆப்டேட்டா, ரோமிங், ஏரோஹெட் என்ற வழியில் தனியாக இருக்கின்றன, அவையும் தங்கும். 23 ஜிபி இறக்க 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அரை மணி நேரம், 30 எம்பிபிஎஸ் பிளானில் ஒன்றே முக்கால் மணி நேரம்.

மாட், அதாவது கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்புகள், போட்டு வைத்திருப்பவர்கள் மாறுவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். மாட்கள் கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் கோப்புகளை நுழைத்துத்தான் வேலை செய்கின்றன. உள்ளே அடுக்கு மாறியபின் பழைய மாட் பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை, கேம் திறந்ததும் மூடிக்கொள்வதுதான் வழக்கமான அறிகுறி. அப்படி ஆனால் ஸ்டீமின் கோப்புச் சரிபார்ப்பான வெரிஃபை இன்டெக்ரிட்டியை ஓட்டினால் மட்டும் போதாது. ஸ்டீமுக்குத் தெரிந்த கோப்புகளைத்தான் அது சரிபார்க்கும், மாட் கொண்டுவந்து போட்ட அந்நியக் கோப்பைத் தொடாது. கையால் அழித்துவிட்டு வெரிஃபை ஓட்ட வேண்டும். மாறியபின் கேம் அங்கங்கே தடுக்கினால், அதே ஏரோஹெட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஷேடர் கேஷ் (கிராபிக்ஸ் கார்டுக்காக முன்கூட்டியே தயாரித்து வைத்த கோப்புகள்) ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

ஹார்ட் டிஸ்க்கில் விளையாடும் அந்த 11 சதவீதத்தில் நீங்களும் ஒருவர் என்றால்? தயங்காமல் மாறலாம். 131 ஜிபிக்குச் சில நொடி நல்ல பண்டமாற்றுதான். இன்னொரு வழியும் திறக்கிறது. 154 ஜிபியை எஸ்எஸ்டியில் வைக்க முடியாமல்தானே ஹார்ட் டிஸ்க்கில் போட்டீர்கள்? 23 ஜிபியை 256 ஜிபி எஸ்எஸ்டியில்கூட ஒரு ஓரத்தில் வைத்துவிடலாம். பிராப்பர்ட்டீஸில் மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர் என்பதை அழுத்தினால் ஸ்டீமே மாற்றிவிடும், மறுபடி டவுன்லோடு வேண்டாம். கையால் இழுத்துப் போட்டால் ஸ்டீம் கேமைத் தொலைத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்திருப்பதானால், இன்ஸ்டால் முடிந்ததும், சிதறிய கோப்புகளை ஒன்றாக அடுக்கும் டிஃப்ராக்கை ஒரு முறை ஓட்டுங்கள். நகல் இல்லாதபோது கோப்புகள் சிதறாமல் இருப்பது முன்பைவிட முக்கியம். எஸ்எஸ்டியில் டிஃப்ராக் கூடாது, தேய்மானம்தான் மிச்சம்.

புதிதாக டிஸ்க் வாங்குவதானால் இந்தக் கேமுக்காக நொடிக்கு 7,000 எம்பி என்று பெட்டியில் போட்டிருக்கும் ரகத்துக்குப் போக வேண்டியதில்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி, நொடிக்கு 550 எம்பி, போதும். 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. அதையும் முழுக்க நிரப்பாதீர்கள். பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், இல்லையென்றால் எழுதும் வேகம் படுத்துவிடும்.

இரண்டாவது புகார் அப்டேட் பற்றியது, ஸ்லிம் பதிப்பிலும் இது முழுக்கத் தீராது. ஸ்டீம் ஒரு கோப்பைச் சுமார் 1 எம்பித் துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும்தான் இறக்குகிறது. அதனால் 300 எம்பி டவுன்லோடு என்று காட்டும். ஆனால் அந்தத் துண்டு ஒரு பெரிய தொகுப்புக் கோப்புக்குள் இருந்தால், அந்த முழுக் கோப்பையும் டிஸ்க்கில் புதிதாகக் கட்டி எழுதியாக வேண்டும். டவுன்லோடு 2 நிமிடத்தில் முடிந்து, அப்புறம் டிஸ்க் கோடு மட்டும் 20 நிமிடம் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். இணைய இணைப்பைத் திட்டுபவர்கள் ஒரு முறை ஸ்டீமின் டவுன்லோடு பக்கத்தில் டிஸ்க் வேகத்தையும் பாருங்கள். 154 ஜிபி காலத்தில் ஒரு டெக்ஸ்ச்சரைத் திருத்தினால் அது இருந்த தொகுப்புகள் அத்தனையும் மாறியாக வேண்டியிருந்தது. இப்போது ஒரே இடத்தில் திருத்தினால் போதும். இந்த நிம்மதியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. தினமும் விளையாடுபவருக்கு 131 ஜிபியைவிட இதுவே பெரிய லாபமாகத் தோன்றலாம். புதிய ஆயுதங்களும் உடைகளும் அடங்கிய வார்பாண்டுகள் வரவர அளவு மறுபடி மெல்ல ஏறும். ஆனால் ஒன்று சேர்த்தால் ஒன்றுதான் ஏறும், நாற்பது அல்ல.

ஆக, கேம் வாங்கலாமா என்றால் ஸ்லிம் வந்தபின் இடம் ஒரு தடையே இல்லை. 2024-இல் கேட்டிருந்தால், 512 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவரிடம் இரண்டு தடவை யோசிக்கச் சொல்லியிருப்போம்.

மற்ற கேம்களுக்கு இதுபோல் ஸ்லிம் வரும்வரை நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காம்பேக்ட்ஜியுஐ என்ற இலவசக் கருவி, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் கோப்புச் சுருக்க வசதியைக் கேம் ஃபோல்டருக்குப் பயன்படுத்துகிறது. கேம் அப்படியே ஓடும், படிக்கும்போது விண்டோஸ் விரித்துக் கொடுக்கும். கோப்புகளைச் சுருக்காமல் விட்ட கேம்களில் கணிசமாக இடம் திரும்பக் கிடைக்கும். ஏற்கெனவே இறுக்கமாகச் சுருக்கிய கேம்களில் 2, 3 சதவீதம்கூடத் தேறாது. நகல் விஷயத்தில் இந்தக் கருவி உதவாது, ஒரே பாறை நாற்பது கோப்பில் இருப்பதை அது கண்டுகொள்ளாது. அடிக்கடி அப்டேட் வரும் கேமில் இதைச் செய்தால், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புதிதாக எழுதப்படும் கோப்புகள் சுருங்காமலே வந்து உட்காரும், மறுபடி ஓட்ட வேண்டும். முடித்துவிட்டு எப்போதாவது திறக்கும் ஒற்றை ஆள் கேம்களுக்குத்தான் இது சரி.